பின்னறைக்கு வராத சிக்னல்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். மனிதர்கள் அப்புறம். கூரைப் பலகை கழலுமா, தூண் எங்கே குறுக்கிடுகிறது, எந்த மூலையில் துளை போட்டால் சொந்தக்காரர் முகம் சுளிக்கமாட்டார் என்று கண்ணாலேயே ஒரு வயரை ஓட்டி முடித்துவிட்டுத்தான் எதிரில் நிற்பவருக்கு வணக்கம் சொல்வார். அலுவலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கம்ப்யூட்டர் வயர் இழுப்பது அவர் தொழில். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு கிடந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் வயரண்ணன். "வயரண்ணே, மூணாவது மாடி மொத்தமும் செத்துப்போச்சு, கொஞ்சம் வாங்களேன்" என்று போன் வந்தால், ஏணியைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவார்.

டீச்சரை அவர் முதலில் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டார். ஒரு பள்ளிக்கூடத்தின் கூரைக்குள் மார்புவரை நுழைந்து வயர் தள்ளிக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு குரல் முக்கோணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பலகையிலிருந்து தூசி உதிர்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"மேல இருக்கிறவர் ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா, நான் இந்த முக்கோணத்தை முடிச்சுடுவேன்" என்றது குரல்.

அவர் சும்மா இருந்தார். மணி அடிக்கும்வரை கழுத்து வலிக்க வலிக்க இருட்டுக்குள் தலையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு வராது. அன்றைக்கு வந்துவிட்டது போலிருந்தது.

கல்யாணமாகி இத்தனை காலம் போன பிறகும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை "ஏங்க" என்பாள், கோபம் வந்தால் "வயர் சார்." அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் டீச்சருக்கு ஒவ்வொரு ஆண்டும் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர்களைப் பற்றித்தான் பேச்சு. கோணமானியைக் கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டவன், விடையைச் சரியாக எழுதிவிட்டு அடித்துவிட்டவள், பித்தாகரஸ் யார் என்று கேட்டால் "போன வருஷம் நம்ம ஸ்கூல்ல படிச்சவர்" என்று சொன்னவன். அவர் யாரையும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் எல்லோரையும் தெரியும்.

அவர்கள் வீடு தரைத்தளத்தில் ரயில்பெட்டி மாதிரி நீண்டிருக்கும். முன்னறை, ஒரு ஒடுக்கமான நடை, பின்னறை. இணையப் பெட்டி முன்னறைச் சுவரில். பின்னறை டிவிக்காக அவர் ஒருமுறை ஒரு நீல வயரை நடையின் தரையோடு போட்டார். "ரெண்டு நாள்ல மேல ஏத்திடறேன் டீச்சர்" என்றார். ஊரான் வீட்டுக் கூரையில் எல்லாம் நூல்பிடித்தாற்போல வயர் ஓட்டுகிறவருக்குச் சொந்த வீட்டில் மட்டும் அந்த ரெண்டு நாள் வரவேயில்லை. வைத்தியர் வீட்டில்தான் நோய் முற்றும் என்பார்கள். வயர் அங்கேயே கிடந்து அழுக்கேறி, தரையின் நிறத்துக்கு வந்து, கண்ணுக்கே தெரியாமல் போனது. பிறகு ஒருநாள் காலையில், விடைத்தாள் கட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வேகமாக வந்த டீச்சரின் காலுக்கு அது தெரிந்தது.

இடுப்பெலும்பு. தகடு வைத்தார்கள். எலும்பு சேரவில்லை, மறுபடியும் திறந்து வைத்தார்கள். தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்து உட்காரலாம், அவ்வளவுதான். நடப்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார் டாக்டர். இப்போது என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் அது நீளமாக இருந்தது.

டீச்சர் அந்த நீல வயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

பள்ளிக்கூடத்தில் நல்லவர்கள் இருந்தார்கள். தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். வகுப்பில் பெரிய திரை இருக்கிறது. டீச்சர் படுக்கையிலிருந்தபடியே லேப்டாப்பில் பாடம் எடுக்கலாம். பிள்ளைகளோடு உட்கார ஒருவரைப் போட்டுக்கொள்ளலாம். "வாரத்துக்கு ஒரு வகுப்பு, திங்கட்கிழமை மொதல் பாடவேளை. அது நல்லா போச்சுன்னா மத்ததையும் குடுத்துடறேன். உங்க பிள்ளைங்க உங்களைத்தான் கேக்குதுங்க" என்றார். போகும்போது வாசலில் வயரண்ணனிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நடுவுல அறுந்து அறுந்து போனா நிர்வாகம் ஒத்துக்காது. புதுசா ஒரு பொண்ணு தயாரா இருக்கு. பாத்துக்குங்க" என்றார்.

அன்றைக்கு டீச்சர் தானே கேட்டுச் சீப்பு வாங்கித் தலை வாரிக்கொண்டாள். விழுந்த பிறகு முதல் தடவை.

லேப்டாப் டீச்சரின் தம்பியுடையது. அவன் கடல் தாண்டி ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போகும்போது பழைய லேப்டாப்பை அக்காவுக்கு விட்டுவிட்டு, அதில் லினக்ஸ் என்ற இலவச அமைப்பையும் போட்டுக்கொடுத்திருந்தான். அது தேர்ந்தவர்களின் சமாச்சாரம், சொன்னால் கேட்கும், சொல்லத் தெரியவேண்டும். மெலிந்த லேப்டாப், வயர் சொருகும் துளையே அதில் கிடையாது. உள்ளே இருந்த வயர்லெஸ் அட்டை எப்போதோ கண்மூடிவிட்டது. போனிலேயே ஒருநாள் வகுப்போடு ஒத்திகை பார்த்தாள் டீச்சர். பிள்ளைகளின் முகங்கள் கடுகாகத் தெரிந்தன, யார் கை தூக்குகிறார்கள் என்றே தெரியவில்லை. போனில் வரும் இணையத்தை ஒரு வயரால் லேப்டாப்புக்குக் கொடுக்கலாம் என்றால் போனின் துளை தளர்ந்து சார்ஜ் மட்டும்தான் ஏறும். முன்னறைப் பெட்டியைப் பின்னறைக்குக் கொண்டுவரலாம் என்றால் அதற்கு வருவது கண்ணாடி இழை வயர். அதை வெட்டி ஒட்டும் ஆட்கள் வேறு, அவர்கள் வரும் நாளும் வேறு.

ஆக, தம்பி ஒரு யு.எஸ்.பி அடாப்டர் வாங்கி அனுப்பினான். கட்டைவிரல் அளவு. லேப்டாப்பின் பக்கவாட்டில் சொருகினால் காற்றில் வரும் சிக்னலைப் பிடித்துக்கொடுக்கும்.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயரே இல்லாம இதுல எப்படி வரும்?"

"இவர் ஒருத்தர்" என்றாள் டீச்சர் படுக்கையிலிருந்து. "ரேடியோ கேட்டதே இல்லையா?"

"ரேடியோவுக்கும் நான் கூரையில கம்பி கட்டித்தான் கேட்டேன்."

சொருகினார். லேப்டாப் அதைப் பார்த்து, புதிதாக ஒரு சிடி வந்திருக்கிறது என்றது. அவர் மைத்துனனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அத்தான், அது முதல்ல அப்படித்தான் சொல்லும். தன்னை ஒரு சிடின்னு சொல்லிக்கும். உள்ள வேற கம்ப்யூட்டருக்கான டிரைவர் வச்சிருப்பாங்க. நம்ம கம்ப்யூட்டருக்கு அது ஆகாது. நாமதான் அந்த வேஷத்தைக் கலைக்கணும்."

"டிரைவர்னா?"

"அந்தக் கருவியோட பாஷை நம்ம கம்ப்யூட்டருக்குத் தெரியாது அத்தான். நடுவுல நின்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல? அதான் டிரைவர்."

"நானும் உங்க அக்காவும் சண்டை போட்டா நீ வர்ற மாதிரி."

"நான் வந்தா சண்டை பெருசாகும். சரி, கருப்புத் திரை தெரியுதா?"

"எனக்கு ரொம்ப நாளா அதுதான் தெரியுது."

"அதுல சூடோன்னு அடிங்க."

"அப்படின்னா?"

"வீட்டு எஜமான் சொல்றேன், செய்யின்னு அர்த்தம்."

"அப்ப உங்க அக்காவைத்தான் அடிக்கச் சொல்லணும் மாப்ள."

பின்னறையே சிரித்தது. விழுந்த பிறகு அந்த வீட்டில் சிரிப்பு கேட்டதும் முதல் தடவைதான்.

எஜமான் என்றதும் லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். திரையில் ஒன்றும் விழவில்லை.

"கீபோர்டு போயிடுச்சு மாப்ள."

"போகல. அது அப்படித்தான், புள்ளிகூட காட்டாது. நம்பி அடிங்க."

"கண்ணுக்குத் தெரியாததை நம்பி அடிக்கிற ஆளா இருந்தா நான் எதுக்குய்யா இந்தத் தொழிலுக்கு வர்றேன்?"

ஆனாலும் அடித்தார். டிரைவர் ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் எழுதி இணையத்தில் பொதுவாக வைத்திருந்தார். அது பச்சைக் காய்கறி மாதிரி, எடுத்துவந்து இந்த லேப்டாப்புக்கு ஏற்றபடி இதிலேயே சமைத்துக்கொள்ள வேண்டும். இணையம் கிடைக்கத்தான் டிரைவர். டிரைவர் கிடைக்க இணையம் வேண்டும். அப்போது வயர் இழுத்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் கெஞ்சிப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தார். வந்து போட்டால், இதைச் சமைக்க இன்னொன்று வேண்டும் என்றது லேப்டாப். மறுநாள் அதைக் கொண்டுவந்தார். அதற்கு இன்னொன்று வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் இருவரைக் கூப்பிடச் சொல்வதைப் போல.

இங்கிலீஷ் அவருக்குச் சுமார். அதனால் லேப்டாப்பை டீச்சரின் மடியில் சாய்த்து வைத்து, வரும் வரிகளை அவள் உரக்கப் படிப்பாள், விடைத்தாள் திருத்துகிற குரலில். "இந்த வரி சரி. இந்த வரி சரி. இங்க ஏதோ கேக்குது, ஆமான்னு சொல்லணுமாம். இங்க தப்பு. ஒரு மார்க் குறைக்கலாம்." அவர் கட்டிலின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பார். அந்தச் சாயங்காலங்கள் ஒருவிதத்தில் நன்றாகவே இருந்தன.

டிரைவரோடு, எழுதியவர் விட்டுப்போன ஒரு குறிப்பு இருந்தது. டீச்சர் படித்துச் சொன்னாள். "இந்தக் கருவி இப்போ அவர்கிட்ட இல்லையாம். சோதிச்சுப் பாக்க வழியில்லையாம். பயன்படுத்துறவங்களே பாத்துக்குங்கன்னு எழுதியிருக்கார்."

"நல்லா இருக்கே கதை."

"பாவம், யாரோ."

"நம்மளைவிடவா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரைவர் ஒருவழியாக ஏறியது. திரையின் மூலையில் அக்கம்பக்கத்து வீடுகளின் இணையப் பெயர்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. கடைசியில் அவர்கள் வீட்டுப் பெயரும். அமுக்கினார். சேர்ந்துகொண்டது. டீச்சர் கைதட்டினாள். சத்தம் வராத கைதட்டல், வகுப்பில் சின்னப் பிள்ளைக்குத் தட்டுவது.

ஆனால் சிக்னல் காட்டும் கோடுகளில் இரண்டுதான் நிறைந்திருந்தன.

"போதும்ல?" என்றாள்.

போதுமா? அவருக்கு மனம் ஒப்பவில்லை. நடுவில் கனத்த சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ. ஊருக்கெல்லாம் குறைவில்லாமல் கொடுத்துவிட்டு டீச்சருக்கு அரைகுறையாகக் கொடுப்பதா? போனைக் கையில் ஏந்தி வீடு முழுக்க நடந்து பார்த்தார். நடையின் மறுகோடியில், முன்னறைக் கதவின் நிலைக்கு மேலே சிக்னல் முழுசாக இருந்தது. அண்ணாந்து பார்த்தார். கண் தானாக ஒரு வயரை ஓட்டிவிட்டது.

சனிக்கிழமை முழுக்க அந்த வேலைதான். இரண்டு யு.எஸ்.பி வயர்களை வெட்டி, நடுவில் இன்னொரு நீளத்தைச் சேர்த்து, ஒவ்வொரு இழையாகப் பற்றவைத்து, உறைபோட்டு மூடினார். அடாப்டரை நிலைக்கு மேலே ஒட்டினார். அங்கிருந்து நடைச் சுவரின் உச்சி வழியாக, பின்னறை வாசலைத் தாண்டி, பீரோவின் பின்னால் இறங்கி, கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தது வயர். ஒரு வளைவு பிசகவில்லை. தன் சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்தார். எல்லா விளக்கும் எரிந்தது. லேப்டாப்பில் எல்லாக் கோடும் நிறைந்தது.

"தரையில ஒரு அங்குலம் இல்ல, பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அழகா இருக்கு" என்றாள்.

மைத்துனனிடம் இந்த வயரைப் பற்றி அவர் சொல்லவில்லை. மறைக்க நினைத்தல்ல. டிரைவர் அவன் சங்கதி, வயர் இவருடையது. தண்ணீர் குடித்ததையெல்லாம் ஒருவரிடம் சொல்வோமா?

திங்கட்கிழமை. டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாற்போல உடுத்திக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே போர்வை, மேலே டீச்சர். பிள்ளைகள் வகுப்பே அதிர வணக்கம் சொன்னார்கள். அவர் நடையில் நின்று, திரையில் தெரியாமல் கேட்டார். ஒரு நாற்கரத்தைப் பற்றி ஆரம்பித்தாள். குரல் ஏறியது. பழைய குரல். அவருக்குத் தன் தலை மறுபடியும் ஒரு கூரைக்குள் இருப்பதாகத் தோன்றியது.

நாற்கரத்தின் மூன்றாவது பக்கத்தில் அறுந்தது.

ஓடிவந்து பார்த்தார். கோடுகள் இல்லை. வீட்டின் பெயர் இல்லை. அடாப்டரே இல்லை என்றது லேப்டாப். அணைத்துப் போட்டார், வந்தது. இரண்டு வாக்கியம் பேசினாள், போய்விட்டது. மணி அடிக்கும்வரை இதே பாடு. தலைமையாசிரியை போனில், "பரவாயில்லை டீச்சர், முதல் நாள்தானே. அடுத்த திங்கட்கிழமை பாப்போம்" என்றார். பாப்போம் என்பதை டீச்சரும் அவரும் ஒரே மாதிரிதான் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரம் அவர் எந்தக் கூரையையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. சாயங்காலமானால் மைத்துனனின் குரல் பின்னறையில்.

"டிரைவர்தான் அத்தான். அந்த ஆளு பாதியில விட்டுட்டுப் போனது. கர்னல் புதுசு, அதுக்கு இது ஒத்துப்போகல."

"கர்னல்னா யாரு, பட்டாளத்துக்காரரா?"

"லினக்ஸோட உயிர்நாடி அத்தான். அதோட ஒட்டித்தான் டிரைவர் நிக்கணும். சுத்தமா கழட்டிட்டு மறுபடி போடுங்க."

கழற்றினார். போட்டார். விழுந்தது. வேறு யாரோ அதையே திருத்தி வைத்திருந்த இன்னொரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டார். அது நன்றாக நின்றது. டீச்சர் ஒரு படம் ஓடவிட்டதும் இணைப்பு விழுந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் குணத்தை அடாப்டரிடமிருந்து எடுத்துவிடச் சொன்னான் மைத்துனன். எடுத்தார். விழுந்தது. கர்னலைப் பழையதாக மாற்றச் சொன்னான். அதைச் செய்கையில் லேப்டாப்பே எழுந்திருக்காமல் ஒரு மாலை முழுக்கக் கிடந்தது. டீச்சர் சும்மா அவர் முதுகில் கையை வைத்திருந்தாள்.

"என்ன நடந்ததுன்னு லேப்டாப் தானே எழுதி வச்சிருக்கும் அத்தான். அதைப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க அக்காவை."

டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். "யு.எஸ்.பி, டிஸ்கனெக்ட். அப்புறம் புதுசா ஒரு கருவி வந்திருக்குங்குது. அதை அடையாளம் படிக்க முடியலைங்குது. மறுபடி டிஸ்கனெக்ட். இப்படியே நாலு வரி."

"அதான், டிரைவர் செத்துச் செத்துப் பொழைக்குது" என்றான் மைத்துனன்.

அவரும் ஆமாம் என்றார். வாடிக்கையாளர் எவர் போன் செய்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "கம்ப்யூட்டரை விடுங்க, முதல்ல வயரை அசைச்சுப் பாருங்க" என்பதுதான். புதிதாய் வருகிற வேலையாட்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார். அன்றைக்கு அந்த வாக்கியம் அவர் நினைவுக்கே வரவில்லை. வயர் அவர் இழுத்ததாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை ஏனோ நாள் முழுக்க விழாமல் நின்றது. டீச்சர் லேப்டாப்பில் பத்திரிகை படித்தாள், தம்பிக்கு மெயில் அனுப்பினாள். "சரியாயிடுச்சு போல" என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்பதைப் போல வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை முதல் பாடவேளை. வணக்கம் சொன்னார்கள். "போன வாரம் எங்க விட்டோம்?" என்றாள் டீச்சர். "மூணாவது பக்கத்துல" என்று ஒரு வகுப்பே கத்தியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே உறைந்தது படம்.

மறுபடி வந்தபோது பிள்ளைகளின் குரல்தான் முதலில் வந்தது. "டீச்சர், நீங்க வாயைத் தெறந்தபடியே நின்னுட்டீங்க!" "பேய் மாதிரி இருந்துச்சு!" யாரோ அதை நடித்துக்காட்டுகிறான் போலும், ஒரே சிரிப்பு. கூட உட்கார்ந்திருந்தவர் அதட்டினார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். போய்விட்டது. அப்புறம் வரவில்லை.

மதியம் தலைமையாசிரியை போன் செய்தார். அவர் மனசில்லாமல்தான் பேசினார்; அது குரலில் தெரிந்தது. புதுப் பெண் நாளையிலிருந்து வருகிறாள். டீச்சர் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுந்து நடந்ததும் சொல்லியனுப்ப வேண்டும், பள்ளிக்கூடம் எங்கே போய்விடப் போகிறது.

"சரிங்க" என்றாள் டீச்சர். "நாற்கரம் பாதியில இருக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

போனை வைத்துவிட்டு, காதிலிருந்து கண்ணாடியைக் கழற்றி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

இரண்டு மூன்று நாள் அந்த வயரை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் டீச்சர் சொன்னாள், "ஏங்க, தலைக்கு மேல அது இருக்கிறது என்னமோ போல இருக்கு. எடுத்துடுங்களேன்."

ஏணி போட்டு எடுத்தார். ஒட்டியதைவிட மெதுவாக எடுத்தார். அடாப்டரைக் கழற்றி, தம்பிக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று அதன் அட்டைப்பெட்டியைத் தேடினார். பெட்டி கிடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நிற்பதற்குப் பதில், தொலைந்துபோகாமல் இருக்கட்டுமே என்று லேப்டாப்பின் பக்கவாட்டில் நேராகச் சொருகி வைத்தார். கோடுகள் இரண்டு வந்தன. பார்த்தார், அதிலெல்லாம் இப்போது அவருக்கு நம்பிக்கையில்லை. வேலைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பியபோது டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தாள். லேப்டாப்பில் ஒரு படம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டு அப்படியே கண்ணயர்ந்திருக்கிறாள். ஒன்று முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது என்று யாரும் பார்க்காமல் ஓடியிருக்கிறது. விழவில்லை. கோடுகள் இரண்டும் அப்படியே.

அவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எதையும் நினைக்காமலிருக்கப் பார்த்தார். பிறகு மூலையில் சுருட்டி வைத்திருந்த வயரை எடுத்துவந்து, சோதனைக் கருவியில் மாட்டினார். எல்லா விளக்கும் எரிந்தது. எங்கும் அறுபடவில்லை. நல்ல வயர். தான் செய்ததிலேயே நல்ல வயர்.

மைத்துனனுக்குப் போன் போட்டார். வழக்கம்போல விரல் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டது.

"மாப்ள, நேரா சொருகினா நிக்குதுடா."

"நேராவா? அப்ப இத்தனை நாள் எதுல சொருகியிருந்தீங்க?"

"வயர் போட்டிருந்தேன். நல்ல சிக்னல் கிடைக்கட்டும்னு. நடையில மாட்டி."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னால் நகரும் ஒலி. பிறகு அவன் குரல், தயங்கித் தயங்கி. "எவ்ளோ நீளம் அத்தான்?"

"நடை முழுக்க."

"யு.எஸ்.பி அவ்ளோ தாங்காதே அத்தான். அஞ்சு மீட்டரே ஜாஸ்தி. அதுக்கு மேல போனா கரண்டும் இறங்கிடும், பேச்சும் குழறிடும். சும்மா இருக்கிறப்ப நிக்கும், படம் வந்தா விழுந்துடும்..." நிறுத்தினான். "நீங்க வயர்னு சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலையே."

"நான் எப்படி அத்தான் கேப்பேன்? வயர் விஷயத்துல உங்ககிட்ட."

அவர் திரும்பினார். டீச்சரின் கண்கள் திறந்திருந்தன. எப்போதிருந்து திறந்திருந்தன என்று தெரியவில்லை.

"தம்பி, அப்புறம் பேசறோம், வை" என்றாள்.

போன் அணைந்தது. அவர் மடியில் அந்த வயர் சுருளாகக் கிடந்தது. எதையாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தார். கம்ப்யூட்டர் வயரை நூறு மீட்டர்கூட இழுக்கலாம் டீச்சர், காலமெல்லாம் அதைத்தானே செய்தேன், இதுவும் வயர்தானே என்று நினைத்தேன், இரண்டு கோடு உங்களுக்குப் போதாது என்று நினைத்தேன். இதெல்லாம் உள்ளுக்குள் வரிசையாக நின்றது.

"ஸ்கூலுக்குச் சொல்லிப் பாக்கட்டுமா?" என்றார் கடைசியில்.

"அந்தப் பொண்ணு ஆரம்பிச்சுட்டாளே. பிள்ளைங்களை இங்கயும் அங்கயும் இழுக்கக் கூடாது." குரலில் கோபம் இல்லை. அவர் தேடிப் பார்த்தார். "வயர் சார்" என்றுகூடச் சொல்லவில்லை. "டீ போடுங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பின்னறையிலிருந்து கூப்பிட்டாள். தலை வாரியிருக்கவில்லை. லேப்டாப்பை மடியில் வைக்கச் சொன்னாள்.

"எதுக்கு டீச்சர்?"

"சும்மாதான். உக்காருங்க."

திறந்து வைத்தார். அவள் எதையும் அமுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் மூலையை மட்டும் பார்த்தாள். அவரும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இந்நேரம் வணக்கம் சொல்லி உட்கார்ந்திருப்பார்கள். யாரோ ஒரு பெண் சுண்ணாம்புக் கட்டியை எடுத்திருப்பாள். இரண்டு கோடுகள். தெருவில் ஏதோ வண்டி போனது. இரண்டு கோடுகள். டீச்சரின் உதடு ஒருமுறை லேசாக அசைந்தது, எதையோ விளக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டதைப் போல. அவர் தரையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை.

ஒரு பாடவேளை முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"விழவே இல்ல பாத்தீங்களா" என்றாள் டீச்சர். பிறகு கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, வலிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.